'கா'வுக்குக் கழித்த புள்ளி

மற்றவர்கள் கதைப்பதை ஒட்டுக் கேட்பதுதான் என் வேலை. வீட்டில் செய்தால் அது கெட்ட பழக்கம். கல்லடியில், எங்கள் அலுவலகத்தின் மேல்மாடியில், காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு செய்தால் அதற்குத் 'தரக் கண்காணிப்பு' என்று பெயர். கைத்தொலைபேசி இணைப்பு வழங்கும் ஒரு கொழும்புக் கம்பனியின் தமிழ்ப் பிரிவு எங்களுடையது. நாட்டின் எந்த மூலையிலிருந்து யார் அழைத்துத் தமிழுக்கான எண்ணை அழுத்தினாலும் அந்த அழைப்பு எங்களிடம்தான் வந்து விழும். எடுத்துக் கதைப்பவர்கள் வேறு பிள்ளைகள். அவர்கள் கதைப்பதெல்லாம் பதிவாகும். அதில் சிலவற்றைப் பொறுக்கியெடுத்துக் கேட்டுப் புள்ளி போடுபவள் நான்.

புள்ளி போடுவதற்கு ஒரு படிவம் இருந்தது. வணக்கம் சொன்னாரா, வாடிக்கையாளர் பேச்சில் குறுக்கிட்டாரா, தகவல் சரியா என்று வரிசையாகப் போகும். ஏழாவது வரியில் 'தூய பொதுத் தமிழ்' என்று இருந்தது. வட்டார வழக்கு வந்தால் புள்ளி கழிக்கவேண்டும். ஒரே அழைப்பில் இரண்டு தடவைக்கு மேல் வந்தால் அது 'பெரும்பிழை'. ஆறு மாதத்துக்குள் மூன்று பெரும்பிழை விழுந்தவரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. மட்டக்களப்பில் அலுவலகத்தைத் திறந்து, மட்டக்களப்புப் பெண்களை வேலைக்கு எடுத்து, மட்டக்களப்பு மாதிரிக் கதைக்கக்கூடாது என்று எழுதிவைத்திருந்தார்கள். அதை எழுதியவருக்கு இதில் இருந்த வேடிக்கை தெரிந்திருக்காது. அப்போது எனக்கும் தெரியவில்லை.

எங்கள் ஊர்ப் பேச்சுத் தெரியாதவர்களுக்கு 'கா' பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். என்னகா, வாகா, இல்லகா, ஓம்கா. வாக்கியத்தின் வாலில் வந்து ஒட்டிக்கொள்ளும். நான் பார்த்த அகராதியில் கா என்றால் சோலை என்றும் காவடித்தண்டு என்றும் இருந்தது. நாங்கள் சொல்கிற கா அங்கே இல்லை. தமிழ் ஆட்களும் சொல்வோம், முஸ்லிம் ஆட்களும் சொல்வார்கள். யாரும் யாருக்கும் கற்றுக் கொடுப்பதில்லை. ஒருத்தி உங்களை 'கா' போட்டுக் கதைத்தால் நீங்கள் அவளுக்கு அந்நியம் இல்லை, அவ்வளவுதான். அதை எடுத்துவிட்டால் வாக்கியத்துக்கு ஒன்றும் ஆகாது.

என்னை நாளுக்கு நூறு தடவை 'கா' போட்டுக் கூப்பிட்டவள் ஒருத்தி இருந்தாள். காத்தான்குடிக்காரி. அவளுடைய பெயரை எழுதவில்லை. எழுதலாமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

இரண்டு பேரும் ஒரே நாளில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். பக்கத்துப் பக்கத்துக் கதிரை. அவள் ஹெட்செட்டை முக்காட்டுக்கு மேலே மாட்டுவதா உள்ளே மாட்டுவதா என்று முதல் நாள் பட்ட பாட்டில்தான் எங்கள் சிநேகிதம் தொடங்கியது. உள்ளே மாட்டினால் கழுத்து வேர்த்தது, மேலே மாட்டினால் வழுக்கியது. என் தலையிலிருந்த கிளிப் இரண்டைக் கழற்றிக் கொடுத்தேன். அது பிறகு திரும்பி வரவேயில்லை. கேட்டபோதெல்லாம், "அது இப்ப எங்கட வீட்டுப் புள்ளயாப் பொயித்துகா" என்பாள்.

நான் மண்டூரிலிருந்து வருகிறவள். விடிந்ததும் 'பாதை' என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகில் வாவியைக் கடந்து, அங்கிருந்து களுவாஞ்சிகுடிக்குப் போய், மட்டக்களப்பு பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். காத்தான்குடி வரும்போது பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. அதனால் களுவாஞ்சிகுடியிலேயே என் பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்துவிடுவேன். சனம் முறைக்கும். "ஆள் வருகுது" என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். காத்தான்குடியில் அவள் இடித்துப் பிடித்து ஏறி வருவாள். பையை எடுத்து, யன்னலோடு ஒட்டி, அவளுக்குத் தாராளமாக இடம் விட்டுத்தான் இருப்பேன். அப்படியிருந்தும் தினமும் ஒரே வார்த்தையைச் சொல்லித்தான் உட்காருவாள்.

"அரக்கி இருகா."

அரக்க, அதாவது தள்ளி உட்கார, இடமே இருக்காது. இருந்தாலும் உடம்பைக் கொஞ்சம் அசைத்துக் கொடுப்பேன். அப்படித்தான் எங்களுக்கு ஒவ்வொரு நாளும் விடிந்தது.

வெள்ளிக்கிழமைகளில் எனக்கு மரக்கறி என்பதை என் வீட்டாரைவிட அவள் நன்றாக ஞாபகம் வைத்திருந்தாள். அன்றைக்கு அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியிலும் மீன் இருக்காது. நோன்பு மாதத்தில் நான் மாடிப்படியில் போயிருந்து ஒளித்துச் சாப்பிடுவேன். ஒருநாள் தேடிவந்து பிடித்துவிட்டாள். "நோன்பு எனக்குத்தானேகா. நீ என்னத்துக்குக் களவெடுத்தவள் மாதிரி இஞ்ச குந்திக்கிட்டு இரிக்காய்? வந்து இரிந்து தின்" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், மேசையில் இருத்தி, நான் சாப்பிட்டு முடியும்வரை பக்கத்து வீட்டுக் கலியாணக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர்களுக்கிடையில் யுத்த காலத்தில் நடந்தவை இரண்டு வீட்டிலும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. கதைக்க வேறு விடயங்கள் நிறைய இருந்தன.

மூன்று வருடத்துக்குப் பிறகு என்னைத் தரக் கண்காணிப்புக்கு மாற்றினார்கள். உயர்வுதான். நடுவில் கண்ணாடித் தடுப்பு வந்தது. நான் உள்ளே இருந்து கேட்பேன், அவள் வெளியே இருந்து கதைப்பாள். அவளைவிடத் திறமாகக் கதைக்க அங்கே ஆள் இல்லை. கோபத்தில் எடுத்தவன்கூட அவளிடம் கதைத்து முடிக்கும்போது சிரித்துக்கொண்டு வைப்பான். ஆனால் அவள் இளகிவிட்டால் அந்த 'கா' வந்து விழுந்துவிடும். ஆறு மாதத்துக்குள் இரண்டு பெரும்பிழை விழுந்திருந்தது. இரண்டையும் போட்டவள் நான்தான். இரண்டு தடவையும் அவள் சிரித்தாள்.

"இனி ஒண்டு விழுந்தா வேலை பொயித்திரும்கா. வாயைக் கொஞ்சம் கட்டு" என்று பஸ்ஸில் வைத்துச் சொன்னேன்.

"மாட்டுக்கு வாய்க்கூடு கட்டுற மாதிரி எனக்கும் ஒண்டு வாங்கித் தாவன்" என்றாள்.

அந்த நாட்களில்தான் கொழும்பிலிருந்து அந்தச் சுவரொட்டி வந்தது. தண்ணீர் குடிக்கிற இடத்துக்கு மேலே கண்ணாடி போட்டு மாட்டினார்கள். 'பன்முகத்தன்மைக்கும் உள்ளடக்கத்துக்குமான எமது பிரதம நிறைவேற்று அதிகாரியின் அர்ப்பணிப்பு' என்று தலைப்பு. கீழே மூன்று மொழியிலும் ஒரு முழுப் பக்கம். அடியில் நீல மையில் அவருடைய கையெழுத்து. எல்லா இனத்தவரும், எல்லா மதத்தவரும், ஊனமுற்றவரும் முதியவரும் இந்த நிறுவனத்தில் தாம் வேற்றாள் என்று உணரக்கூடாது. அதற்கு நான் பொறுப்பு. குறை இருந்தால் எனக்கே நேராக எழுதுங்கள் என்று இருந்தது.

அவள் கையில் தண்ணீர்க் கோப்பையோடு நின்று முழுவதையும் வாசித்தாள்.

"உள்ளடக்கம் எண்டா புத்தகத்துல முதல் பக்கத்துல போடுறதுதானேகா?" என்று கேட்டாள். "அப்ப நாம எத்தினையாம் பக்கத்துல இரிக்கம்?"

அதற்குப் பிறகு பல நாள் அது எங்களுக்குள் ஒரு பகிடியாக ஓடியது. பஸ் பிந்தினால் "எத்தினையாம் பக்கம்கா?" முகாமையாளர் சிடுசிடுத்தால் "நம்மட பக்கத்தைக் கிழிச்சிட்டாங்ககா."

ஒரு பின்னேரம் எல்லாரையும் கூட்ட அறைத் திரைக்கு முன்னால் இருத்தினார்கள். சுவரொட்டியில் கையெழுத்துப் போட்ட அந்தப் பெரியவர் கொழும்பிலிருந்து திரையில் தோன்றிச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கதைத்தார். கடைசியில் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தமிழில் ஒரு வசனம் சொன்னார். "நீங்கள் நீங்களாகவே வேலைக்கு வாருங்கள்." எனக்குக் கேட்டுப் பழகிய காது. அந்த ஒரு வசனத்தை மனிதர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார் என்பது தெரிந்தது. 'ங்க'வில் தடுக்கிவிடக்கூடாது என்று பயந்து பயந்து சொன்னார். முடிந்ததும் மூச்சு விட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அவள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போகும்போது என்னைப் பார்த்து, "கேட்டியாகா? மனிசன் சொல்லிட்டார். இனி நான் நானாத்தான் வருவன்" என்றாள்.

பகிடிக்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். சுவரில் இருந்ததும் ஒரே கம்பனியின் வார்த்தை, என் கணினிக்குள் இருந்த படிவமும் அதே கம்பனியின் வார்த்தை. இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததேயில்லை.

இரண்டு கிழமை கழித்து அந்த அழைப்பு என் காதுக்கு வந்தது.

அழைப்பு எடுத்தவள் வெல்லாவெளிப் பக்கத்துப் பெண். புருஷன் யானை அடித்து இறந்து நாற்பது நாள் கூட ஆகவில்லை. அவருடைய நம்பருக்கு அடித்துப் பார்த்திருக்கிறாள். "ஒரு பொம்புள கதைக்கிறா, இந்த நம்பர் பாவனையில இல்லையாம்" என்றாள். "அவர் வட்டைக்குப் போனா அதுல இருந்துதான் எனக்கு எடுப்பார். அந்த நம்பரை வேற ஆருக்கும் குடுத்திராதீங்க பிள்ள. ஆரும் எடுத்து ஹலோ எண்டா எனக்குத் தாங்காது." வயல்வெளியைத்தான் நாங்கள் வட்டை என்போம். அந்தச் சொல்லைச் சொன்னதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

படிவத்தின்படி இந்த இடத்தில் சொல்லவேண்டியது, 'தங்கள் கோரிக்கையைப் பதிவு செய்துள்ளேன், தயவுசெய்து இணைப்பில் இருங்கள்.'

"அழாதீங்ககா" என்றாள் என் சிநேகிதி. "நான் இரிக்கன்கா. நம்பர் எங்கயும் போகாது. முதல்ல எழும்பிப் போய் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வாங்க. நான் லைன்லயே இரிக்கன்கா."

அந்தப் பெண் உண்மையாகவே எழும்பிப் போனாள். செம்பு நகரும் சத்தம் கேட்டது. கோழி ஒன்று கொக்கரித்தது. அவள் திரும்பி வரும்வரை என் சிநேகிதி காத்திருந்தாள். பிறகு இறப்புச் சான்றிதழோடு எந்தக் கிளைக்குப் போகவேண்டும், யாரைக் கேட்கவேண்டும், நம்பரை எப்படித் தன் பெயருக்கு மாற்றவேண்டும் என்று ஒன்றும் விடாமல் சொல்லிக் கொடுத்தாள். வைக்கும்போது அந்தப் பெண், "நீ நல்லா இரிக்கணும்கா" என்றாள்.

நான் ஹெட்செட்டைக் கழற்றினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வேறு யாரிடமோ கதைத்துக்கொண்டிருந்தாள். என் கிளிப் இரண்டும் அவள் தலையில் இருந்தன.

மூன்று 'கா'. பெரும்பிழை.

அந்த அழைப்பை விட்டுவிட்டு வேறொன்றைப் பொறுக்கியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. கொழும்பில் என் புள்ளிகளைச் சரிபார்ப்பவர் ஒருவர் இருந்தார் என்பது உண்மை, ஆனால் அவர் எல்லாவற்றையும் கேட்பதில்லை. பயம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்திருக்கிறேன். பயம் மட்டும் இல்லை. சில மாதங்களுக்கு முன் யாரோ, நான் சிநேகிதிக்குப் பட்சம் பார்க்கிறேன் என்று முகாமையாளரிடம் சொல்லியிருந்தார்கள். அது என்னைச் சுட்டது. நேர்மையானவள் என்ற பெயருக்கு ஆசைப்பட்டேன். தராசு பிடிக்கிற கைக்குச் சொந்தம் பந்தம் இல்லை என்று காட்ட நினைத்தேன். அப்படிக் காட்டுவதற்கு அவளைவிட நெருங்கிய ஆள் எனக்கு இல்லை.

கழித்தேன். 'சேமி' என்று அழுத்தினேன். மத்தியானம் அவளோடு இருந்து சாப்பிட்டேன். அன்று வெள்ளிக்கிழமை. அவள் வாழைக்காய்ப் பொரியல் கொண்டுவந்திருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒப்பந்தம் முடியும் கிழமையில் முகாமையாளர் அவளை உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்தபோது கையில் ஒரு கடிதம் இருந்தது. நேராக என் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கோபம் இல்லை. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வந்தவள் மாதிரி நின்றாள்.

"நீயாகா?"

நான் தலையை ஆட்டினேன்.

"அந்த அழுத மனிசிட கோலுக்கா?"

"சட்டம் அப்பிடித்தானேகா" என்றேன். என் வாயிலும் அது வந்தது. எனக்குப் புள்ளி கழிக்க யாரும் இல்லை.

அவள் கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு, "சரி, நான் போயிட்டு வாறன். நீங்க வேலையைப் பாருங்க" என்றாள்.

நீங்க. எட்டு வருடச் சிநேகிதத்தில் அவள் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் 'நீங்க' அதுதான். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்று பின்னேரம் அவள் வேறு பஸ்ஸில் போனாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு அழைப்பு எடுத்துப் பார்த்தேன், பதில் இல்லை. பெருநாளைக்கு வாழ்த்து அனுப்பினேன். 'நன்றி. உங்களுக்கும் குடும்பத்தினருக்கும் இறைவன் அருள் புரிவானாக' என்று வந்தது. பள்ளிக்கூட அதிபருக்கு அனுப்புகிற மாதிரி. தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அந்தச் சுவரொட்டி என்னைப் பார்த்தது. குறை இருந்தால் எனக்கே நேராக எழுதுங்கள் என்று நீல மையில் கையெழுத்துப் போட்ட மனிதரை ஒருநாள் பிடித்துக்கொண்டேன். அவருக்கே நடந்ததை எழுதினேன். புள்ளி கழித்தவள் நான்தான் என்பதையும் எழுதினேன். பதிவையும் இணைத்தேன். யாராவது கீழ்நிலைக் காரியதரிசி வாசித்துவிட்டுத் தூக்கிப்போடுவார் என்றுதான் நினைத்தேன்.

மூன்று கிழமையில் அவரே வந்தார். முன்னறிவித்தல் இல்லை. கல்லடிப் பாலத்தால் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது, அவ்வளவுதான். முகாமையாளர் கழுத்துப் பட்டியைத் தேடி ஓடினார். வந்தவர் மேல்மாடிக்கு ஏறி, என் சிநேகிதியின் வெறுங்கதிரையைக் கேட்டு அதில் உட்கார்ந்தார். அந்த அழைப்பைப் போடச் சொன்னார். எல்லாரும் சுற்றி நின்றோம். தமிழ் விளங்காத மனிதர், தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்டார். கோழி கொக்கரிக்கும்வரை கேட்டார்.

"இந்த 'கா' என்றால் என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

கொழும்பில் வளர்ந்த எங்கள் முகாமையாளர் முந்திக்கொண்டார். "அக்கா என்பதன் சுருக்கம் சேர்."

"இல்ல சேர், தங்கச்சிக்கும் சொல்லுவம்" என்றாள் ஒரு பிள்ளை.

"தெரிஞ்ச ஆம்பிளையளுக்கும் சொல்றதுதான்" என்றாள் இன்னொருத்தி.

"நாய்க்கும் சொல்லுவம், வளத்த நாயெண்டா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தமிழில் பிழைப்பு நடத்துகிற இருபது பேர் நின்றோம், ஓரெழுத்துக்கு அர்த்தம் சொல்ல முடியவில்லை. முகாமையாளர் வேர்த்து வேர்த்து ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்தார்.

அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், "அர்த்தம் ஒன்றும் இல்லை சேர். நீ எங்கட ஆள் எண்டு சொல்ற மாதிரி" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் ஒரு பக்கம் முழுக்க எழுதியது அதைத்தானே" என்றார். பிறகு என் படிவத்தை வாங்கிப் பார்த்தார். அதன் அடியிலும் அவருடைய கையெழுத்து இருந்தது. அதே நீல மை. அதைத் தன் விரலால் தொட்டுக் காட்டி, "இதுவும் நான்தான்" என்றார். சாட்டுச் சொல்லவில்லை. பெரிய பதவியில் இருக்கிற ஒருவர் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை.

அவளைத் திரும்ப எடுக்கச் சொன்னார். அங்கேயே, எல்லார் முன்னாலும், முகாமையாளர் ஒலிபெருக்கியைப் போட்டு அவளுக்கு அழைப்பு எடுத்தார். நாளைக்குக் களுவாஞ்சிகுடியில் பையை வைக்கவேண்டும் என்றுகூட நினைத்துவிட்டேன்.

முகாமையாளர் விடயத்தைச் சொல்லி முடித்தார்.

"மிக்க நன்றி" என்று அவள் குரல் வந்தது. "தங்கள் அழைப்பு எனக்கு மிகவும் மகிழ்ச்சியளிக்கிறது. தற்போது வேறொரு தொழிலில் இணைந்துள்ளேன். எனவே தங்கள் வாய்ப்பை ஏற்க முடியாமைக்கு வருந்துகிறேன். மேலும் ஏதேனும் உதவி தேவையா?"

ஒவ்வொரு எழுத்தும் திருத்தமாக இருந்தது. புள்ளி போட்டிருந்தால் ஒன்றும் கழித்திருக்க முடியாது. பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இருந்தாலும் அவர் சொன்னதைச் செய்தார். ஏழாவது வரி படிவத்திலிருந்து போனது. அதோடு விட்டிருக்கலாம். கொழும்பில் ஒரு குழு உட்கார்ந்து புதிய கையேடு ஒன்று செய்து அனுப்பியது. அதில் 'அரவணைப்பு' என்று புது வரி. 'வாடிக்கையாளரைப் பிரதேச வழக்கில் அன்போடு விளிக்கலாம். உதாரணம்: கா.' பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கானது. புதிதாக வந்த பிள்ளைகள் புள்ளிக்காக எடுத்த எடுப்பில் எல்லாரையும் 'கா' போட்டார்கள். ஓட்டமாவடியிலிருந்து எடுத்த ஹாஜியார் ஒருவர், "எந்த வகையில புள்ள நான் உனக்குக் கா?" என்று கேட்டுவிட்டு வைத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மெல்லிய குரலில் ஒருவர் எடுத்தார். "சொல்லுங்ககா" என்றதும், "பிள்ளை, நான் அக்கா இல்லை, ஆம்பிளை. பென்சன் எடுத்த ஆள்" என்றார். "ஓம்கா, தெரியும்கா" என்றாள் எங்கள் பிள்ளை. மனிதர் பத்து நிமிடம் ஏசினார். நான் தனியே இருந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். சொல்ல ஆள் இல்லை.

அவள் காத்தான்குடிப் பிரதான வீதியில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாள். பஸ்ஸிலிருந்து பார்த்தால் தெரியும். காலையில் கடைக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டிருப்பாள், அல்லது படியைக் கூட்டிக்கொண்டிருப்பாள். நான் யன்னல் பக்கம்தான் இருப்பேன். அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பழக்கதோஷம், நான் பையைப் பக்கத்து இருக்கையில்தான் வைப்பேன். "ஆள் வருகுது" என்று சொல்லிவிடுவேன். காத்தான்குடியில் ஆள் ஏறாது. கல்லடியில் பையை எடுத்துக்கொண்டு நான் இறங்கிவிடுவேன். இரண்டு வருடமாக இப்படித்தான். பைத்தியம் என்று யாரும் நினைத்தால் நினைக்கட்டும்.

போன மாதம் ஒரு பதிவைப் பொறுக்கிப் போட்டுக் கேட்டேன். புதிய பிள்ளை ஒருத்தி எடுத்திருந்தாள். "வணக்கம், சொல்லுங்ககா."

அந்தப் பக்கம் கண்ணாடிப் போத்தல் ஒன்றை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "எங்கட மருந்துக்கடை லைன் வேலை செய்யுதில்ல" என்றாள். என் சிநேகிதியின் குரல். இரண்டு வருடத்தில் காதுக்கு இவ்வளவு கிட்ட அவள் கதைத்ததில்லை.

பிள்ளை நம்பரைக் கேட்டாள், சரிபார்த்தாள், 'கா'வுக்கு மேல் 'கா' போட்டாள். வேலை முடிந்தது.

"இந்தக் காவை ஆரு புள்ள உங்களுக்குச் சொல்லித் தந்த?" என்று கேட்டாள் அவள்.

"அது எங்கட கம்பனி முறைகா."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். மூக்கால் வரும், பாதியில் நிற்கும். "நாம கதைக்கிற எல்லாம் பதியுதுதானே? இதை ஆரு கேட்பாங்க?"

"எங்கட மேற்பார்வை அக்கா கேட்பா. எல்லாத்தையும் இல்ல, சிலதைத்தான்."

தூரத்தில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது.

"கேட்டாவெண்டா சொல்லுங்க" என்றாள். "அந்தப் பையைக் கதிரையில இருந்து எடுக்கச் சொல்லுங்க. சனம் நிக்கிது."

வைத்துவிட்டாள்.

கடைசி வசனத்தை எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. 'சனம் நிக்கிது' என்பதற்குப் பிறகு ஒரு சின்ன மூச்சு இருக்கிறது. அதற்குள் ஓரெழுத்து இருக்கிறதா என்று சத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் கேட்டேன். இல்லை. மூச்சுத்தான். இவ்வளவு நாளும் ஒவ்வொரு காலையும் அவள் என் பஸ் யன்னலைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள் என்பது அப்போதுதான் விளங்கியது. எனக்கு அவள் வேண்டும். திரும்பி வரவேண்டாம், மன்னிக்கக்கூட வேண்டாம், ஒருமுறை என்னை அப்படிக் கூப்பிட்டால் போதும். இதை எழுதி அனுப்ப எந்த அதிகாரியும் இல்லை.

அடுத்த நாள் பையை மடியில் வைத்துக்கொண்டேன். களுவாஞ்சிகுடியிலிருந்து பக்கத்து இருக்கையில் ஒரு மாணவன் இருந்து வந்து ஆரையம்பதியில் இறங்கினான். காத்தான்குடியில் பஸ் நின்றது. மருந்துக்கடைப் படியில் அவள் தும்புத்தடியோடு நின்றாள். நான் பையை இரண்டு கையாலும் மடியில் அணைத்துப் பிடித்திருந்ததை அவள் பார்த்திருக்கவேண்டும். குனிந்து கூட்டத் தொடங்கினாள்.

முன்பின் தெரியாத ஒரு பெண் கையில் குழந்தையோடு ஏறி, சனத்தை இடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் யன்னலோடு ஒட்டித்தான் இருந்தேன். இடம் தாராளமாக இருந்தது.

"கொஞ்சம் அரக்கி இரிங்ககா" என்றாள்.

அரக்க இடமில்லை. இருந்தாலும் உடம்பை அசைத்துக் கொடுத்தேன். கல்லடி வரும்வரை யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.